மனநல வார்டுக்குப் போகிற மகளுக்கு

அம்பாசமுத்திரம்

பிரியமுள்ள செல்விக்கு,

திங்கட்கிழமை மனநல வார்டில் டூட்டி ஏறுகிறாய். எப்படிப் பேசணும், அடிக்க வந்தால் எப்படி ஒதுங்கணும் என்று எல்லாரும் சொல்லியனுப்புவார்கள். நான் சொல்வது வேறு. கேஸ் ஷீட்டில் மனநோய் என்று இருந்தால், உடம்பை மறந்துவிடாதே. புதுப் பிள்ளைகள் சறுக்குவது இதில்தான்.

மனநிலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையையே பார். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5 தாண்டினால் விஷம். அவ்வளவு ஒடுக்கமான வரப்பு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் வழக்கமான மாத்திரையே உடம்பில் தேங்கிவிடும். பேதியானாலும் அப்படித்தான். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார்களா, மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போட்டார்களா என்று வீட்டாரிடம் கேள். விரல் லேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. டம்ளரைக் கையில் கொடுத்துப் பார். தண்ணீர் சட்டையில் சிந்துகிற அளவுக்குக் கை ஆடினால், நடை தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடு. வழக்கமான பரிசோதனைக்குக் கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கணும். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு எடுத்தால் கணக்கே தப்பு. விஷமாகிவிட்டதோ என்று தோன்றினால் மட்டும் அந்த 12 மணி நேரத்துக்குக் காத்திருக்காதே.

மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஊசி போட்ட இளவட்டங்களுக்குச் சில நேரம் கழுத்து திருகி, கண் மேலே செருகிவிடும். கூட வந்தவர்கள் 'சாமி வந்திருக்கு' என்று திருநீறு தேடுவார்கள். கடிந்துகொள்ளாதே. மருந்தால் தசை இறுகியிருக்கு, மாற்று ஊசி போட்டால் விட்டுவிடும் என்று பக்குவமாகச் சொல். அந்த மாற்று ஊசியாக டாக்டர் பெரும்பாலும் புரோமெத்தசின் எழுதுவார். உடம்பெல்லாம் விறைத்துக் காய்ச்சலும் அடித்தால் அது வேறு. உயிர் போகிற அவசரம்.

மனநோய்க்கான குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் தினமும் 'வெளிக்குப் போனீங்களா' என்று கேள். கேட்கக் கூச்சப்படாதே, குடல் அடைத்துச் செத்தவர்கள் உண்டு. தொண்டைவலியோ காய்ச்சலோ என்றால் அன்றே வெள்ளையணுவை எண்ணச் சொல்.

குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் 'சுவரில் பூச்சி ஊருது' என்பவருக்கு நாடி, காய்ச்சல், சர்க்கரை மூன்றையும் பார். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போயிருக்கணும்.

ராத்திரி ரவுண்டில், தூக்க ஊசி போட்டவர் போர்வையைத் தலைவரை மூடிக் கிடந்தால், அசந்து தூங்குகிறார் என்று தாண்டிப் போகாதே. போர்வையை விலக்கி, ஒரு நிமிஷம் நின்று மூச்சை எண்ணு.

அன்புடன்,
அம்மா