சேர்வராயன் மலையில் குறி போட்டுப் போனவர்களுக்கு

வணக்கம். நீங்கள் எந்தத் துறை, எந்த நிறுவனம் என்று எனக்குத் தெரியாது. காப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நீங்கள் விட்டுப்போன அடையாளங்களை மட்டும்தான் பார்த்தேன். அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

ஞாயிறு காலையில் சேலத்திலிருந்து ஏறி வந்து நான் நடக்கிற பாதை அது. போன வாரம் ஒரு பாறையில் சிவப்புப் பெயின்ட்டில் எண் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் புதரை வெட்டி, வண்டி போகிற அகலத்துக்கு ஒரு வழி. அதன் முடிவில் சின்ன சிமென்ட் மேடை, நடுவில் மூடி போட்ட குழாய், சுற்றிலும் காய்ந்த செஞ்சேறு. துளை போட்டிருக்கிறீர்கள்.

விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருவர் கேட்டார்: "கேஸ் எடுக்கப் போறாங்களாங்க சார்?" 2017இல் நெடுவாசல் போராட்டத்தை டிவியில் பார்த்தவராம். இல்லைங்கம்மா, அதெல்லாம் காவிரிப் படுகைப் பக்கம், நம் மலை சார்னோகைட் என்கிற கடினப் பாறை, இதில் எரிவாயு இருக்காது என்றேன். "அப்ப எதுக்கு ஓட்டை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆனால் உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து லாரி லாரியாகப் போனதை அவரும் மறக்கவில்லை. பாக்சைட் இருக்கும் அந்தச் செம்புறாங்கல் படலம் பஞ்சு மாதிரி. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பது இந்த மலையில்தான். கீழே சேலத்தில் திருமணிமுத்தாற்றைச் சாக்கடையாக்கி வைத்திருக்கிறோம், அது எங்கள் தப்பு. மேலே ஊற்றுக்கண்ணாவது மிஞ்சட்டும்.

வெறும் ஆய்வுதானே என்பீர்கள். காவிரி டெல்டாவைக் காக்க 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அது எங்கள் மலைக்கு இல்லை. 2023இல் திருத்திய வனச் சட்டத்தின்படி, ஒன்றிய அரசு நிபந்தனைகள் போட்டு, கனிம ஆய்வைக் காடு சாராத வேலையாகக் கருதாமல் விடலாம்; அதாவது காட்டை வேறு வேலைக்கு எடுக்க வாங்க வேண்டிய அனுமதி அதற்குத் தேவைப்படாது. மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த பிறகுதான் ஊர் ஜனங்களுக்கு விஷயமே தெரிந்தது. ஊர் ஊராகத் திரண்டு போராடித்தான் 2025 ஜனவரியில் ரத்து வாங்கினார்கள். இங்கே உள்ளவர்களும் அப்படித் தெருவுக்கு வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் யார், எதைத் தேடுகிறீர்கள், யார் அனுமதி கொடுத்தது, இன்னும் எத்தனை துளை என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். அடுத்த துளைக்கு முன்னால் கிராம சபையில் வந்து உட்கார்ந்து பேசுங்கள். வெட்டிய வழியில் வேறு வண்டி நுழையாமல் அடையுங்கள்.

வரும் ஞாயிறும் அந்த வழியாகத்தான் நடப்பேன். அந்த அம்மா மறுபடி கேட்பார். அதற்குள் குழாய்க்குப் பக்கத்தில் அந்தப் பலகை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு நடைக்காரன்