கீழாநெல்லி ஆய்வில் மீதியை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கீழாநெல்லி கல்லீரல் நோயைத் தீர்த்துவிடும் என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டதாக ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அது எந்த ஆய்வு, அப்புறம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1988-ல் சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழு செய்தது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் உண்டு. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லையே, அதை ஏன் விட்டீர்கள்?

என் அண்ணன் விசைப்படகில் போனவர், சாராயம் தொட்டதில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் கடலுக்குப் போய்வந்தார். இதேபோல எதையோ படித்த ஒருவர் சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்தார். மாத்திரை வைரஸை அமுக்கித்தான் வைக்கும், சட்டென்று நிறுத்தினால் அது மறுபடி கிளம்பும் என்று எந்தப் பத்திரிகை எங்களுக்குச் சொன்னது? வயிற்றில் நீர் கோத்துக் கைலி இடுப்பில் நிற்காது, காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே கிடக்கும். மதுரைக்குக் கொண்டு ஓடியும் காப்பாற்ற முடியவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்கள் 'ரொம்பக் குடிப்பாரோ' என்று என் அண்ணியிடமே கேட்டார்கள்.

கேட்கத்தானே செய்வார்கள், கல்லீரல் என்றாலே நீங்கள் பாட்டில் படம்தானே போடுகிறீர்கள். இந்த வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும், பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும் என்பதற்கெல்லாம் இடம் இல்லை, மூன்றே நாளில் காமாலை குணம் என்ற விளம்பரத்துக்கு மட்டும் வாராவாரம் இடம் இருக்கிறது. 2018-ல் வந்த தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். பாம்பன் முதல் தொண்டி வரை கடற்கரையில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் பின்னால் வந்த ஆய்வுகளின் முடிவையும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்ற ஒரு வரியையும் தயவுசெய்து போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.