தொற்றுவது எய்ட்ஸ் அல்ல, எச்ஐவி

ஆசிரியருக்கு வணக்கம்.

'எய்ட்ஸ் தொற்றியது' என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. தொற்றுவது எச்ஐவி என்ற வைரஸ். சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் போனால் வருகிற கடைசிக் கட்டம்தான் எய்ட்ஸ்.

இந்த வைரஸின் இலக்கு சிடி4 என்ற ரத்த வெள்ளணுக்கள். கிருமி நுழைந்தால் மற்ற அணுக்களை உசுப்பிவிடும் அந்தக் காவல்காரனையே பிடித்து, உள்ளே போய், தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி நம் மரபணுவோடு சேர்த்துவிடுகிறது, அப்புறம் அந்த அணு வைரஸ் தயாரிக்கும் பட்டறைதான். சில அணுக்களில் சத்தமில்லாமல் தூங்கவும் செய்யும். மருந்தால் அடக்க முடிந்தாலும் முழுதாக ஒழிக்க முடியாதது இதனால்தான்.

சரி, பரவுவது எப்படி? ரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால். அதாவது பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. கட்டிப்பிடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. கொசு என்று இன்னும் கேட்கிறார்கள்! கொசு நமக்குள் செலுத்துவது தன் எச்சிலை, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. வைரஸ் அதற்குள் பெருகுவதும் இல்லை.

யாரும் எழுதாத விஷயம் ஒன்று: தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அந்தச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இதையாவது கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்