தேளுக்கு 5 பைசா, மயிலுக்கு 10 பைசா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த விலங்கு பிஸ்கட் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்காவில் 1902-இல் அதை சர்க்கஸ் வண்டி மாதிரி ஓர் அட்டைப் பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தது, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காகப் பெட்டிக்குக் கயிறு கட்டியது, 2018-இல் பெட்டிப் படத்தில் இருந்த கூண்டுக் கம்பிகளை எடுத்துவிட்டு சிங்கத்தையும் யானையையும் புல்வெளியில் நடக்கவிட்டது என்று நல்ல நல்ல தகவல்கள். எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், 'நம் ஊரில் இப்படி விலங்கு வடிவில் குழந்தைகளுக்கென்று ஒரு தின்பண்டம் இருந்ததில்லை' என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். ஜவ்வு மிட்டாயை எப்படி ஐயா மறந்தீர்கள்?

நான் சாத்தூர் பக்கத்து கிராமத்தில் வளர்ந்தவன். அரசுப் பள்ளியில் 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். என் முதல் வாத்தியார் எந்தக் கல்லூரியிலும் இல்லை. மூங்கில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் தெருவுக்கு வந்த மிட்டாய்த் தாத்தாதான் அவர்.

கம்பின் உச்சியில் சரிகை வைத்த பாவாடை கட்டி, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசின மாதிரி ஒரு மரப்பொம்மை. அதன் இரண்டு கையிலும் சின்னச் சின்ன ஜால்ரா. கம்புக்குள்ளேயே ஒரு கயிறு இறங்கி வரும். தாத்தா அதைச் சுண்டச் சுண்ட பொம்மை கைதட்டும். நாங்கள் ரொம்ப நாள் அது உயிருள்ள பொம்மை என்றே நினைத்திருந்தோம். ராத்திரி தாத்தா தூங்கினதும் அதுவே இறங்கி மிட்டாய் தின்னும் என்று என் தங்கை சத்தியம் செய்வாள். பொம்மைக்குக் கீழே கம்பைச் சுற்றித் தொடை கனத்துக்கு மிட்டாய். வெள்ளையில் ரோஸ் வரி ஓடியிருக்கும். ஈ மொய்க்காமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தாள்.

பெரும்பாலான பிள்ளைகள் கேட்டது வாட்ச்தான். அதில் பெரிய வேலை கிடையாது. ஒரு பட்டை, ஒரு வட்டம், முடிந்தது. நான் கேட்டது தேள், பாம்பு, கிளி, மயில். தேளுக்கு 5 பைசா, மயிலுக்கு 10 பைசா.

மயில் செய்வதைச் சொல்கிறேன். கம்பில் இருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு இழை இழுப்பார். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கினால் உடம்பு. ஒரு நுனியைக் கிள்ளி மேலே வளைத்தால் கழுத்து. நகத்தால் ஒரு அழுத்து, அலகு வந்துவிடும். அப்புறம் இன்னொரு இழையைப் பட்டையாக இழுத்து, சேலைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி முன்னும் பின்னும் மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிப் பிடித்து மறுபக்கத்தை விரிப்பார். தோகை! கத்திரி இல்லை, அச்சு இல்லை. விளக்கெண்ணெய் விளம்பரத்தில் வருகிற மயிலைவிட அது எனக்கு மயிலாகத் தெரிந்தது. அதை என் மணிக்கட்டில் ஒட்டிவிட்டு, மீதி ஒரு துணுக்கைக் கிள்ளி கன்னத்தில் ஒட்டுவார். அது கொசுறு. நாக்கை எட்டவிட்டு அதை நக்கிவிட முடியுமா என்று முயற்சி செய்தபடியே வீட்டுக்கு நடப்போம்.

தேளில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு வந்தது. நாலாம் வகுப்பில் தேளுக்கு எட்டுக் கால் என்று படித்த வாரம் அது. எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் இருந்தது. "தாத்தா, ரெண்டு கால் குறையுது" என்றேன். அவர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு பைசாவுக்கு ஆறு காலே ஜாஸ்தி. எட்டு வேணும்னா இன்னொரு அஞ்சு பைசா கொண்டா" என்றார். நான் கொண்டு போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் கால்களை எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. ஓவியம் அங்கேதான் ஆரம்பித்தது என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள்.

உங்கள் பிஸ்கட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பிஸ்கட் யானை அச்சில் வந்தது. பெட்டியைத் திறந்தால் எது இருக்கிறதோ அதைத்தான் தின்ன வேண்டும். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளு, வெல்லத்தோடு கொடுக்கிற சர்க்கரை அச்சுப் பொம்மைகளும் அப்படித்தான். அழகாக இருக்கும், ஆனால் மர அச்சு என்ன சொல்கிறதோ அதுதான். ஜவ்வு மிட்டாயில் விலங்கை நீங்கள் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அது பிறக்கும். அதுவும் உங்கள் கண் முன்னால், உங்கள் கையிலேயே. ஜப்பானில் சூடான சர்க்கரை உருண்டையைக் குச்சியில் சொருகி, சின்னக் கத்திரியால் வெட்டி வெட்டித் தங்கமீன் செய்கிறார்கள். பேத்தி போனில் காட்டினாள். 'அமெசைகு' என்று பெயராம். வாயைப் பிளந்து பார்த்தேன். பாகு இறுகுவதற்குள் சில நிமிடத்தில் முடித்தாக வேண்டுமாம். எங்கள் தாத்தாவுக்கு அந்த அவசரம் இல்லை, ஏனென்றால் அவர் மிட்டாய் இறுகவே இறுகாது.

அதுதான் அதன் குறையும். வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் மயில் வாத்தாகிவிடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வாத்து பல்லியாகும். தின்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிக்கவே நேரம் தராத பண்டம் அது. ஒரு தடவை பாம்பை மறுநாள் பள்ளிக்கூடத்தில் காட்டலாம் என்று கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் அது என் கையிலும் பாயிலும் தலையணையிலுமாக இருந்தது. அம்மா பாயைச் சுரண்டிக்கொண்டே திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஏன் இறுகுவதில்லை என்று பிற்பாடு ஒரு மிட்டாய்க்காரரிடம் விசாரித்தேன். பாகு காய்ச்சும்போது எலுமிச்சம்பழம் பிழிவார்களாம். அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்துவிடுவதால் பாகு ஆறும்போது திரும்பவும் கல் கல்லாகப் பூக்காது. அப்புறம் ஆணியில் மாட்டி இழுப்பார்கள். இழுப்பது, மடிப்பது, மறுபடி இழுப்பது, தோள் கழன்றுவிடும் என்றார். இழுக்க இழுக்கக் காற்று உள்ளே போய், கண்ணாடி மாதிரி இருந்த பாகு பட்டு மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளைக்கு எந்தச் சாயமும் வேண்டாம்.

சாயம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அப்புறம் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயத்தை அதில் கண்டுபிடித்தார்கள். தடை போட்டது சரிதான், பிள்ளைகள் வயிறு விளையாட்டுக் காரியம் இல்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் தெருவில் ஜால்ரா சத்தம் கேட்டாலே தாய்மார்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். பஞ்சு மிட்டாய் வேறு, ஜவ்வு மிட்டாய் வேறு என்று யாருக்கும் சொல்ல நேரமில்லை. பெயர்க் குழப்பம் வேறு. எங்கள் பக்கம் ஜவ்வு மிட்டாய்க்கு பம்பாய் மிட்டாய் என்றும் ஒரு பெயர் உண்டு. இலங்கையில் பம்பாய் மிட்டாய் என்றால் நூல் நூலான சர்க்கரை. மிட்டாய்க்காரர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: ரோஸ் வரியை விட்டுவிடுங்கள். வெள்ளை மயில் போதும். உருவம் நன்றாக இருந்தால் பிள்ளைகள் நிறத்தைக் கேட்க மாட்டார்கள். ஓவியம் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

போன ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். ஆற்று மணலில் பந்தல் பந்தலாகக் கூட்டம். முடி காணிக்கை, பொங்கல் புகை, பலூன். அதற்கு நடுவில் அந்த ஜால்ரா சத்தம். பேத்தியை இழுத்துக்கொண்டு ஓடினேன், முழங்கால் வலியெல்லாம் ஞாபகமே இல்லை. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், அதே மூங்கில் கம்பு, பொம்மைக்கு மட்டும் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான். "வாட்ச்தானே சார்?" என்றான். தேள் என்றேன். ஒரு கணம் கையை நிறுத்தினான். "தேளா? ரொம்ப நாளாச்சு சார் யாரும் கேட்டு" என்று சொல்லிக்கொண்டே இழையை இழுத்தான். வாலை வளைத்து நுனியைக் கிள்ளி கொடுக்கு வைத்தான். அப்புறம் கால்கள். மனதுக்குள் எண்ணினேன். ஆறு.

விலை 30 ரூபாய். பேத்தியின் கையில் ஒட்டிவிட்டான், கன்னத்தில் கொசுறும் வைத்தான். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கொடுக்கைக் கடித்துத் தின்றாள். ஏன் என்று கேட்டேன். "இல்லைன்னா கொட்டிரும்ல தாத்தா" என்றாள்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் மகிழ்வேன். கட்டுரையாளர் மேல் கோபம் ஒன்றும் இல்லை, அவர் சின்ன வயதில் வாட்ச் மட்டும் கட்டியிருப்பார் போல. அச்சில் போட உதவுமே என்று நான் வரைந்த படம் ஒன்றையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தேள்தான். கால் குறைகிறதே என்று உங்கள் ஓவியர் யாரும் திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.