பந்து கைக்கு வராத நேரம்

கொலம்பஸ், ஒஹாயோ
நவம்பர் 16

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. அக்டோபரும் நவம்பரும் இங்கே எனக்கு ஒரே மாதிரிதான் போகும். வெள்ளி ராத்திரி சின்னவன் மேட்ச், சனிக்கிழமை முழுக்க டிவியில் காலேஜ் மேட்ச், ஞாயிறு துணி மடிப்பு. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியைப் படித்ததும் என் வீட்டுக்காரி பாயசம் வைத்தாள். சாப்பிட்டது முக்கால்வாசி நான். முழங்காலுக்கு ஊசி போடச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். போட்டுக்கொள். மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கி அங்கே என்ன பார்க்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

"பையன் ஃபுட்பால் ஆடுகிறானே, எத்தனை கோல் போட்டான்?" என்று கேட்டிருந்தாய். அவனிடமே படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தான். இந்த ஊர் ஃபுட்பாலில் கோல் இல்லை மாப்ளே, டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது. இந்த சீசனில் சின்னவன் போட்டது ஒன்றே ஒன்று. ஒன்பது மேட்சில் பதினோரு பந்து பிடித்தான். கணக்கு கேட்டால் அவ்வளவுதான்.

எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்து பார்த்தேன், பந்து அவன் பக்கமே வரவில்லை. திரும்பி வரும்போது காரில், "கோச்சிடம் நான் பேசட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்பா, நம்ம ரெண்டாவது டச்டவுன் எப்படி வந்துச்சுன்னு பார்த்தீங்களா?" என்றான். பார்த்தேன், பந்தை வாங்கி ஓடுகிற அந்த ரன்னிங் பேக் பையன் முப்பது யார்டு ஓடினான். "அவன் ஓடினான், சரி. அவனைப் பிடிக்க வேண்டியவன் எங்க போனான்?" எனக்குத் தெரியவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினான். பிடிக்க வேண்டியவன் கோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் பாட்டில் வைக்கிற மேஜைக்குக் கிட்டே கிடந்தான். அவனை அங்கே கொண்டுபோய் விட்டது நம்ம வீட்டுப் பிள்ளை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதுதான். அலுப்பாக இருந்தால் கடைசிப் பாராவுக்குப் போய்விடு, அங்கே பட்டா விஷயம் இருக்கிறது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினோரு பேர், நூறு யார்டு மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் ப்ளே என்று பெயர். நடுவில் மலை மாதிரி ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். வெகு தூரத்தில், ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒல்லியாக, வேகமாக ஓடக்கூடிய ஓரிருவர் நிற்பார்கள். அவர்கள்தான் வைடு ரிசீவர்கள். பந்தை வாங்குகிறவர்கள் என்று பெயர். ஆனால் யோசித்துப் பார்: பந்தை எறிந்து பாஸ் போட்டாலும் அது ஒருத்தனுக்குத்தான் போகும். பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டால் அதுவும் இல்லை. ஆக, ஆடுகிற நேரத்தில் பெரும்பகுதி ரிசீவர் கையில் பந்து கிடையாது. அந்த நேரமெல்லாம் எதிரே நிற்கிறவனை வழியிலிருந்து விலக்கி வைப்பதுதான் வேலை. அதற்குப் பெயர் பிளாக்.

தள்ளுவதில் என்ன பெரிய வித்தை என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். பிடித்து நிறுத்தக் கூடாது. சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், பத்து யார்டு பின்னால். முதுகில் தள்ளினாலும் பத்து யார்டு. அறுபது யார்டு ஓடி வந்த டச்டவுன் இப்படி ஓர் இழுப்பில் செல்லாமல் போவதை நான் எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறேன். எதிராளியோ கார்னர்பேக், ரிசீவரைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஆள். முட்டினால் நழுவிவிடுவான். ஆகவே ரிசீவர் அவனை முதலில் ஏமாற்ற வேண்டும். விசை முழுவதையும் போட்டு, நீளப் பாஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரியே ஓடுவான். கார்னர் பயந்து பின்வாங்குவான். ஓரிரு நொடியில் இது ஓட்டம் என்று கார்னருக்கு உறைக்கும், காலை ஊன்றித் திரும்புவான். அந்தக் கணத்தில் ரிசீவர் நின்றுவிட வேண்டும். நின்று, குறுக்குக் காலடியாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு உள்ளங்கையையும் அவன் மார்புக்கு நடுவில் வைத்து, அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கமே கூடப் போக வேண்டும். பாய்ந்தால் காலி. ஸ்டாக் பிளாக் என்கிறார்கள். இரை தேடிப் பதுங்கிப் போகிற மிருகத்தை வைத்து வந்த பெயர். சின்னவன் இதை வீட்டு ஹாலில் என்மேல் பழகினான். டீப்பாய் ஒரு காலை இழந்தது.

இதனால் என்ன லாபம் என்பதற்கு உனக்கு ஒரு மேட்ச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்கமாட்டார்கள். 2015 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ், சுகர் பௌல். காலேஜ் ஃபுட்பாலில் நான்கு அணி பிளேஆஃப் வந்த முதல் வருடம். அலபாமா யுனிவர்சிட்டிக்கு எதிரே எங்கள் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி. பாஸ் போடுகிற ஆளுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்; முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கும் அடி பட்டு, மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸை வைத்து ஆடுகிறார்கள். கடைசிக் கால்பகுதி, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட மீதி, 34-28 என்று முன்னிலை. எசக்கியேல் எலியட் கையில் பந்தைக் கொடுக்கிறார்கள். இடைவெளியில் புகுந்து 85 யார்டு ஓடி டச்டவுன். இந்த ஊரில் அந்த ஓட்டத்துக்குத் தனிப் பெயரே உண்டு, 'தெற்கின் இதயத்துக்குள் 85 யார்டு' என்று. டீ ஷர்ட்டில் அச்சடித்து விற்றார்கள்.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? இவான் ஸ்பென்சர் என்று ஒரு ரிசீவர். ஒரே பிளாக்கில் அலபாமா ஆட்கள் இரண்டு பேரைச் சாய்த்தார். ரிசீவருக்கு ஒருத்தனைச் சமாளிப்பதே பெரும்பாடு. எலியட் அன்றைக்கு ஓடியது மொத்தம் 230 யார்டு. ஸ்பென்சர் அந்த சீசன் முழுவதிலும் பிடித்தது 15 பந்து. பதினைந்து! அதே அணியில் மைக்கேல் தாமஸ் 54 பிடித்தார். ஸ்பென்சரின் அப்பா டிம் ஸ்பென்சர் இதே ஒஹாயோ ஸ்டேட்டில் ரன்னிங் பேக்காக ஓடியவர். அடுத்தவன் பிளாக்கின் அருமை தெரிந்த வீடு என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் கேள். அதே மேட்சில் பாதி நேரத்துக்குச் சற்று முன் தாமஸுக்கு டச்டவுன் பாஸ் போட்டதும் குவார்ட்டர்பேக் இல்லை, இந்த ஸ்பென்சர்தான். கடைசியில் அலபாமா பந்தைத் திரும்பப் பிடுங்கப் பார்த்துக் குட்டையாக உதைத்தபோது அதன்மேல் விழுந்து அமுக்கியதும் இவர்தான். 42-35. பதினோரு நாள் கழித்து ஒரேகானையும் அடித்துக் கோப்பை வாங்கினார்கள்.

நடு மலைகள் ஐந்து பேரும் ஒழுங்காக வேலை செய்தால் நாலைந்து யார்டு கிடைக்கும். அது அவர்கள் சம்பாத்தியம். அதற்குமேல் கிடைப்பதெல்லாம் தூரத்தில் நிற்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது. ஓடுகிறவன் முதல் வரிசையைத் தாண்டியதும் மீதி இருப்பது கார்னர்களும், எல்லாருக்கும் பின்னால் காவல் நிற்கிற சேஃப்டிகளும் மட்டும். அவர்களில் ஒருவனை யாரும் பிளாக் பண்ணாமல் விட்டால் எட்டு யார்டில் கதை முடியும்.

காலேஜ் ஆட்டத்தில் இது இன்னும் அதிகம், அதற்கும் காரணம் இருக்கிறது. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு ப்ளேயும் தொடங்க வேண்டிய எல்லையைக் காட்டும் இரண்டு வரிசைக் கோடுகள் காலேஜில் 40 அடி இடைவெளியில் இருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடைவெளி பதினெட்டரை அடி. ஆகக் காலேஜில் பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி திடல். அந்தப் பரந்த பக்கத்துக்குப் பந்தை எடுத்துப் போகாத கோச்சே கிடையாது. அங்கே நிற்பது யார்? ரிசீவர்தான். போதாததற்கு, பந்து தொடக்கக் கோட்டைத் தாண்டாமல் பின்பக்கமே பிடிக்கப்படுகிற ஸ்க்ரீன் பாஸ் என்றால், பந்து கைக்கு வருவதற்கு முன்பே மற்ற ரிசீவர்கள் பிளாக் தொடங்கலாம் என்று காலேஜ் விதி அனுமதிக்கிறது. பக்கத்தில் நிற்பவன் சரியாகத் தள்ளினால் இருபது யார்டு. சோம்பேறித்தனமாக நின்றால் பிடித்த இடத்திலேயே விழ வேண்டியதுதான்.

சோம்பேறி ரிசீவரால் இன்னொரு கெடுதலும் உண்டு. பாஸ் வருகிற ப்ளேயில் சிட்டாகப் பறந்து, ஓட்டம் வருகிற ப்ளேயில் நடைப்பயிற்சி போகிறவன் எதிரணிக்கு உளவாளி. அவன் முதல் இரண்டு எட்டைப் பார்த்தே அவர்கள் என்ன வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். எல்லா ப்ளேயிலும் ஒரே மாதிரி வெறியோடு முட்டுகிறவன் என்றைக்காவது ஒரு நாள் முட்டுகிற மாதிரி நின்று, சட்டென்று கார்னரைத் தாண்டி ஓடினால் முடிந்தது. ஜார்ஜியா டெக் காலேஜில் பால் ஜான்சன் கோச்சாக இருந்தபோது இதைத்தான் தொழிலாக வைத்திருந்தார். அவர் அணி அநேகமாக எல்லா ப்ளேயும் ஓட்டம்தான். அங்கே ரிசீவராகப் போனால் வாழ்க்கை வீண் என்று வெளியில் சொல்வார்கள். ஆனால் டெமாரியஸ் தாமஸ் அங்கேதான் ஆடினார். 2009இல் 46 பந்துதான் பிடித்தார், 1,154 யார்டு. ஒரு பந்துக்குச் சராசரி 25 யார்டு! அடி வாங்கி வாங்கி அலுத்துப்போன கார்னர்கள் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வர, இவர் பின்னால் போய்விடுவார். 2010இல் தொழில்முறை அணிகள் காலேஜ் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது டென்வர் அணி முதல் சுற்றிலேயே இவரை எடுத்தது. பாவம், 2021 டிசம்பரில் 33 வயதில் போய்ச் சேர்ந்தார்.

முன்பெல்லாம் இந்த வேலையில் அராஜகமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பார்க்காத பக்கத்திலிருந்து வந்து மோதிப் பறக்கவிடுவார்கள், கூட்டம் எழுந்து கத்தும். 2019இல் காலேஜ் விதிகளில் அதற்குப் பதினைந்து யார்டு தண்டனை வந்தது. முழங்காலைக் குறிபார்த்து விழுவதையும் 2022இலிருந்து நடுப்பகுதிக்கு வெளியே தடை செய்துவிட்டார்கள். ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று என் ஆபீஸில் ஒரு பெரியவர் புலம்புவார். என்னைக் கேட்டால் நல்லதுதான். விழுந்து காலை வாரிவிடுவது சுலபம். நின்று, முகத்துக்கு முகம் பார்த்து, ஐந்து நொடி ஒருவனைக் கட்டாமல் கட்டி வைப்பதுதான் கஷ்டம். உன் முழங்காலை நினைத்தும் சொல்கிறேன்.

இப்போது நான் எழுதப்போவதை இந்த ஊரில் யாரிடமும் காட்டாதே. எங்கள் ஜென்ம விரோதி மிச்சிகன் யுனிவர்சிட்டி. அவர்களோடு ஆடுகிற வாரம் வந்தால் எங்கள் யுனிவர்சிட்டி வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தின்மேல் எல்லாம் சிவப்பு டேப் ஒட்டிவிடுவார்கள், அவ்வளவு பாசம். 2023 நவம்பர் 11, மிச்சிகன், பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியோடு அவர்கள் மைதானத்தில் ஆடியது. மிச்சிகன் தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸையே நிறுத்திவிட்டார்கள் மாப்ளே! கணக்கில் ஏறிய கடைசி 32 ப்ளேயும் ஓட்டம். 24-15 என்று ஜெயித்தார்கள். ரோமன் வில்சன், கார்னீலியஸ் ஜான்சன் மாதிரி ரிசீவர்கள் இருந்த அணி அது. பாதி மேட்ச் பந்து வராது என்று தெரிந்தும் அந்த ரிசீவர்கள் முட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்குத்தான் போனது. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அந்த மேட்சை மறுபடி போட்டுப் பார்க்கிறேன், இவள் வீட்டில் இல்லாதபோது.

ஸ்கோர் ஷீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது. பிடித்த பந்து, யார்டு, டச்டவுன், எல்லாம் இருக்கும், பிளாக் இருக்காது. 2021 ஜூலையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் பணம் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. பிடித்த பந்துக்கு விளம்பரம் வரும், தள்ளிய கார்னருக்கு வருமா? அதனால்தான் கோச்சுகள் 'நோ பிளாக், நோ ராக்' என்று மந்திரம் மாதிரி ஓதுகிறார்கள். பிளாக் பண்ணாதவனுக்குப் பந்து கிடையாது என்று அர்த்தம். சின்னவன் கோச் அதைப் பயிற்சி அறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். திங்கட்கிழமை வீடியோ போட்டுக் காட்டும்போது டச்டவுனுக்கு யாரும் கைதட்ட மாட்டார்களாம், நல்ல பிளாக்குக்கு மட்டும்தான் தட்டுவார்களாம். போன வாரம் இவனுக்கு இரண்டு தடவை தட்டினார்கள். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

அப்புறம், பட்டா விஷயம். தாலுகா ஆபீஸில் மூன்றாவது முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள் என்று தம்பி சொன்னான். உனக்குத் தெரிந்த அந்த சர்வேயர் இன்னும் வேலையில் இருந்தால் என்ன காகிதம் என்று மட்டும் கேட்டுச் சொல். ஜனவரியில் வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். எலியட் ஓடிய வீடியோவை உன் மகள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் தடவை நீயும் பந்தைத்தான் பார்ப்பாய், பரவாயில்லை. இரண்டாம் தடவை ஸ்பென்சரின் 6ஆம் எண் சட்டையை மட்டும் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி

முழங்காலுக்கு ஊசி போட்ட தேதியையும் எழுது. போடவில்லை என்றால் எழுதாதே.