92 சதவீதத்தில் நின்றுபோன மாற்றமும் செல்லாத லைசென்ஸ் கீயும்

கோத்தகிரி,
22.12.2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்குப் புரோகிராம்களை மாற்ற வாங்கிய மென்பொருள் பற்றிய புகார்

ஐயா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. இதைப் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். ஒரு மனிதராவது படிக்கட்டும்.

கோத்தகிரியில் 22 வருடமாக டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ், பில் புக் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு புரோகிராமில்தான். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு அப்டேட்டும் நின்றுவிட்டதால் புதியது வாங்கினேன். ஃபைலை மட்டும் மாற்ற பென் டிரைவ் போதும், அதற்கு நீங்கள் தேவையில்லை. பேஜ்மேக்கர் சி.டி. என்னிடம் இப்போது இல்லை. புதிய லேப்டாப்பில் சி.டி. போடும் இடமும் இல்லை. புரோகிராமோடு மாறும் என்று உங்கள் ஆள் போனில் உறுதி சொன்ன பிறகுதான் 3,200 ரூபாய் கட்டினேன்.

நவம்பர் 19 இரவு 92 சதவீதம் ஓடியிருந்தபோது கரண்ட் போனது. இரண்டு லேப்டாப்பிலும் சார்ஜ் இருந்தது, ஆனால் வைஃபை மோடம் அணைந்ததால் இணைப்பு அறுந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி தொடங்கினால், "இந்த கீ ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று திரையில் வருகிறது. கீ என்பது பணம் கட்டியதற்கு நீங்கள் கொடுத்த லைசென்ஸ் எண்தானே. வேலை முடியாமலே கீ எப்படிச் செலவானது? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஒரு மாதமாகப் பதில் கேட்கிறேன். இன்னொரு கீ வாங்குங்கள் என்கிறீர்கள்.

பேஜ்மேக்கர் ஐகான் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது, அழுத்தினால் பிழை என்கிறது. வேர்டில் அடித்து வைத்த பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. நான் பயன்படுத்துவது பாமினி எழுத்துரு. அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்துச் செய்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். உங்கள் ஆள் விண்டோஸோடு வரும் யூனிகோடு எழுத்துரு ஒன்றைக் காட்டி என்ன சொன்னார் தெரியுமா? "நிர்மலா ஃபான்ட் இருக்கே, அதுக்கு மாத்திக்குங்க." மாற்றினாலும் அதே ஆங்கிலம்தானே வரும்! கடைசியில் பக்கத்து செல்போன் கடைத் தம்பிதான், பழைய லேப்டாப்பில் ஃபான்ட்டுகள் விண்டோஸ் ஃபோல்டரில் இல்லாமல் என் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருந்ததைக் கண்டுபிடித்து எடுத்துப் போட்டார். இது தெரிய வேண்டியது உங்களுக்கா அவருக்கா?

அப்புறம் டிசம்பர் 3. இதை நான் மறக்க மாட்டேன். இரண்டு லேப்டாப்பையும் கோவை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னது உங்கள் ஹெல்ப்லைன்தான். மழையில் பாலிதீன் சுற்றி எடுத்துக்கொண்டு காலை ஆறு மணி பஸ் ஏறினேன். மலைப்பாதையில் குஞ்சப்பனை பக்கம் மரம் விழுந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம். வந்து சேர்ந்தால், கவுன்டரில் இருந்த இளைஞர் பையைத் திறக்கக்கூட விடவில்லை. "இது சேல்ஸ் ஆபீஸ், சர்வீஸ் ஆன்லைன்லதான்" என்றார். யார் வரச் சொன்னார்கள் என்று எடுத்துச் சொன்னேன். உடனே, "வீட்டுல படிச்சவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை திருத்தியவள் நான். அன்று இரவு வீடு சேர ஒன்பது மணி ஆகிவிட்டது, யாரோடும் பேசவில்லை.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். நவம்பர் 24 அன்று பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், அவருக்கு நன்றி. ஆனால் அவரும் திரும்ப அழைக்கவில்லை. இதற்கிடையில் இன்னொருவர், பழைய லேப்டாப்பை ரீசெட் செய்துவிட்டு முயற்சி செய்யுங்கள் என்றார். செய்திருந்தால் 22 வருட டிசைன் அத்தனையும் போயிருக்கும்! நல்லவேளை செய்யவில்லை.

தை பிறந்தால் முகூர்த்தம். ஏற்கெனவே ஏழு பத்திரிகை ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது, போன வாடிக்கையாளர் இனி வரமாட்டார்கள். என் தொழிலையே முடக்கிவிட்டீர்கள். மொத்த நஷ்டம் ஐந்து லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து பணம் வாங்காமல் புதிய கீ கொடுத்து, தெரிந்த ஒருவரை ரிமோட்டில் இணைத்து, மாற்றத்தை முடித்துத் தாருங்கள். முடியாவிட்டால் 3,200 ரூபாயையும் கோவை வந்து போன செலவையும் திருப்பித் தாருங்கள். அந்தக் கவுன்டர் ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 5-க்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. நான் இன்னொரு முறை மலை இறங்கப்போவதில்லை. இனி நீங்கள் ஏறி வாருங்கள்.

பில் நகல், பிழைத் திரையின் படம், டிசம்பர் 3 பஸ் டிக்கெட் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள கோத்தகிரி வாடிக்கையாளர்