கேபிளுக்கு ஒரே நீளம்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. கோவையில்தான் மழை விட்டபாடில்லை.

அசையும் அசெம்பிளியில் (பல பாகங்கள் சேர்ந்த கணினி மாடலில்) ஒயர் ஹார்னஸை, அதாவது கட்டாகக் கட்டிய ஒயர்களை, எப்படி வரைவது என்று கேட்டிருந்தாய். போன வருடம் இதில் நன்றாகவே பட்டிருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பேக்கிங் மெஷினின் மூடி. கீலில் 110 டிகிரி திறக்கும். மூடியில் இரண்டு சென்சார், ஒரு சின்ன டிஸ்பிளே. ஃபிரேமில் ஒரு புள்ளி, மூடியில் ஒரு புள்ளி, நடுவே ஒரு ஸ்ப்லைன் (வளைகோடு) என்று கேபிளை வரைந்துவிட்டேன். திரையில் மூடியைத் திறந்து ரீபில்ட் கொடுத்தால் (மாடலைப் புதுப்பித்தால்) கேபிளும் அழகாகக் கூடவே வந்தது. ஷாப் ஃப்ளோரில் முதல் மெஷினின் மூடியை முழுக்கத் திறந்தபோது, கனெக்டரிலிருந்து இரண்டு ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓடிவந்து மாடலில் அளந்தேன். மூடியிருந்தால் 368 மி.மீ., திறந்தால் 412. திரையில் கேபிள் ரப்பராக நீண்டிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் முதலில் நீளத்தைப் பூட்டிவிடு. நாம் வரையும் சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளில் ‘பாத் லெங்த்’ (கோட்டின் மொத்த நீளம்) அளவு போட்டால், முனைகள் எங்கே போனாலும் நீளம் மாறாது, வளைவுதான் மாறும். ஸ்ப்லைனின் மிகச் சிறிய ஆரத்தையும் திரையில் காட்டச் சொல். எங்கள் கேபிள் 8 மி.மீ. விட்டம். அடிக்கடி அசையும் இடம் என்பதால் பத்து மடங்கு, அதாவது 80 மி.மீ. ஆரத்துக்குக் கீழே நான் விடுவதில்லை.

அப்புறம், மூடிய நிலையையும் திறந்த நிலையையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதே. நீளத்தைப் பூட்டியதும் உபரி கேபிள் எங்காவது புடைக்கத்தான் செய்யும். எங்களுக்குப் பாதித் திறப்பில் அது ஃபிரேமின் விளிம்பில் போய் உரசியது. இப்போது நான்கைந்து கோணங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் மூத்த ஃபிட்டர். "கீலைக் குறுக்கே தாண்டாதீங்க சார், கீல் பின்னோடயே ஓட்டுங்க" என்றார். கார் கதவுகளிலும் ஒயரைக் கீல் அச்சை ஒட்டிக் கொண்டுபோவது உண்டு. கீல் பின்னுக்கு இணையாக 150 மி.மீ. ஓடவிட்டு, இரண்டு முனையிலும் கேபிள் டை போட்டோம். இப்போது மூடி திறந்தால் கேபிள் மடங்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அந்த 110 டிகிரியும் முழு நீளத்துக்கும் பரவிவிடுவதால் எந்த ஒரு இடமும் சிரமப்படுவதில்லை. மாடலிலும் அந்தத் துண்டு கிட்டத்தட்ட அசையாத நேர்கோடு, வரைவதும் சுலபம். கேபிளை எப்படி வளைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

இன்னொன்று, மூடி தனி சப் அசெம்பிளியாக (பெரிய அசெம்பிளிக்குள் ஒரு சின்ன அசெம்பிளியாக) இருந்தால் அதை ‘ஃபிளெக்சிபிள்’ என்று மாற்றி வை. இல்லாவிட்டால் மேல் அசெம்பிளியில் அது ஒரே கட்டியாக நிற்கும், உள்ளே எதுவும் அசையாது.

ஒயர் நீளம் பெரிய இடங்களையும் விடவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானம் 2006-இல் தள்ளித் தள்ளிப் போனதற்கு ஒயரிங்தான் முக்கியக் காரணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையில் காட்டியா என்ற வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பு, பிரான்சின் துலூஸ் ஆலையில் ஐந்தாம் பதிப்பு; இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. ஒரு விமானத்தில் சுமார் 530 கி.மீ. ஒயர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஹார்னஸ்கள் துலூஸில் பொருந்தவில்லை, பல இடங்களில் எட்டவே இல்லை. அங்கே அசையாத ஒயருக்கே இந்தப் பாடு. அதைப் படித்ததிலிருந்து வரைபடத்தை அனுப்பும் முன் நிஜக் கேபிள் ஒரு துண்டை வெட்டி, அட்டை மூடியில் கட்டி, கையால் திறந்து பார்த்துவிடுகிறேன்.

உன் மெஷினில் அசைவு கீலிலா, நேர்கோட்டில் ஓடும் ஸ்லைடிலா என்று நீ எழுதவில்லை. ஸ்லைடு என்றால் டிராக் செயின்தான் (கேபிளை உள்ளே வைத்துக் கூடவே மடங்கி ஓடும் சங்கிலி), அதன் கணக்கு வேறு. கேபிள் விட்டத்தையும் ஸ்டிரோக் நீளத்தையும் (ஸ்லைடு ஓடும் தூரம்) எழுதி அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே?

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்